தகட்டுக்குள் தண்ணீர்

பிரேக்கை மிதித்தபோதுதான் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. பாதி நிரம்பிய தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சளக். வண்டி நின்ற பிறகு அது முன்னால் ஓடி, எதிலோ முட்டி, திரும்பிப் பின்னால் போவது காலுக்கடியில் தெளிவாகக் கேட்டது. உள்ளேயே தூங்கி, சமைத்துப் பயணம் போகிற கேம்பர் வேன் என்றால் தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதுதான் போல என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் தொட்டியை நான் இன்னும் பொருத்தவே இல்லை. உள்ளே மரவேலைகூட ஆரம்பிக்கவில்லை, வெறும் தகடும் முன் இருக்கைகளும்தான். அப்படியென்றால் சத்தம் வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: ஸ்லைடிங் கதவுக்கு அடியில் நான்கு மாதமாக வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, தேய்த்து, இந்த வண்டியில் நான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்தச் சில், அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் புகுந்தது மட்டும் காரணமில்லை. இதே வண்டியின் எதிர்ப்பக்கத்தில், எனக்கு முன்பு யாரோ ஒருவர் செய்திருந்த வேலையைப் பற்றி நான் பார்ப்பவர்களிடமெல்லாம் ஒரு கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தச் சத்தத்துக்குப் பிறகு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

வண்டி 1974-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டைப் 2, இரண்டாம் தலைமுறை, முன்னால் ஒரே அகலக் கண்ணாடி, பின்னால் காற்றில் குளிரும் எஞ்சின். எனக்கு வந்தபோது வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு மோசமில்லை. பெயிண்ட் அங்கங்கே கொப்பளித்திருந்தது, மழைநீர் ஓடும் மேல் விளிம்பில் செம்மண் நிறம், முன் கண்ணாடியின் கீழ் மூலைகளில் ரப்பருக்கு அடியில் துரு. இதெல்லாம் எல்லாப் பழைய வேனிலும் இருப்பதுதான் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு கீழே படுத்து, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு கணீரென்று சொல்லும், துருப்பிடித்த தகடு மொத்தென்று சொல்லும், பட்டி பூசிய இடம் எதையுமே சொல்லாது. முன் சக்கர வளைவில் எதையுமே சொல்லாத இடம் ஒன்று இருந்தது. சுரண்டினால் அரை அங்குலத்துக்குப் பட்டி, அதற்குப் பின்னால் மஞ்சள் ஃபோம், ஃபோமுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. துளையை ஃபோமால் அடைத்து, மேலே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் ரொம்ப நாளைக்கு இறங்கவில்லை.

ரிவெட் வரிசை

அந்தக் கோபத்தோடுதான் ஓட்டுநர் பக்கத்துக்குப் போனேன். அடியில் தடிமனாகக் கருப்புத் தார் பூச்சு. அதைச் சூடு காட்டிச் சுரண்டியபோது, சில்லின் கீழ்ப்பாதியில் முழங்கை நீளத்துக்கு ஒரு தகட்டுத் துண்டும் அதைச் சுற்றி ரிவெட்டுகளும், தகடுகளைத் துளைத்துப் பிணைக்கும் ஆணிகள், தெரிந்தன. வெல்டிங் இல்லை, வெறும் ரிவெட். இந்த வண்டிக்குத் தனியாகக் கழற்றி வைக்கிற சேஸிஸ் கிடையாது. அடியில் ஓடும் சட்டங்கள், குறுக்குச் சட்டங்கள், தரை, சில் எல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங்கில் பிணைந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. உள், நடு, வெளி என்று மூன்று தகடுகள் சேர்ந்த பெட்டி அந்தச் சில். ஜாக்கி வைக்கும் இடமும் அதை ஒட்டித்தான் வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தகரத்தை வைத்து ரிவெட் அடித்து, தாரைப் பூசி மறைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. சக்கர வளைவில் பட்டி பூசிய கையும் இந்தக் கையும் ஒன்றுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். வருபவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினேன், டார்ச் அடித்துக் காட்டினேன். "பாருங்கள், எப்படி ஏமாற்றியிருக்கிறார்கள்" என்பதுதான் நான் சொன்ன வாசகம்.

எனக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்தவர் வயதானவர், டிங்கரிங் வேலையிலேயே வாழ்நாள் முழுக்க இருந்தவர். அவரிடமும் காட்டினேன். அவர் கீழே படுத்து, ரிவெட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "ஆளு அவசரத்துல செய்யல தம்பி" என்றார். "மறைச்சிருக்காங்கண்ணே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். நானும் அதை அதோடு விட்டுவிட்டு, ஓட்டுநர் பக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்லைடிங் கதவுப் பக்கத்தில் வேலையை ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கத்து வேலையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் எதில் கவனமாக இருந்தேன் என்பதும் எதில் இல்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. ஸ்லைடிங் கதவு இருப்பதால் அந்தப் பக்கச் சுவரில் பெரிய வாய் திறந்திருக்கிறது. கீழே இருக்கிற சில்லை வெட்டி எடுத்தால் வண்டியின் நடுப்பகுதி தொய்யும், பிறகு கதவு ஒரு நாளும் சரியாக மூடாது. அதனால் வெட்டுவதற்கு முன்பு கதவு வாயில் மூலைக்கு மூலை இரும்புக் கோணங்களை வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரிலேயே எழுதிவைத்தேன், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மறுபடி அளந்தேன். புதுத் தகடுகள் வடிவாகவே அழுத்திச் செய்து விற்கப்படுகின்றன. இந்த இரண்டாம் தலைமுறை வண்டி 1967-இல் ஆரம்பித்து, பிரேசிலில் 2013 கடைசி வரைக்கும் தயாரிப்பில் இருந்தது, இன்னும் இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், அதனால் இதற்குத் தகடு தேடி அலைய வேண்டியதில்லை. பழைய தகட்டின் புள்ளி வெல்டுகளைத் துளைத்து எடுத்து, நல்ல தகடு தொடங்கும் இடம்வரை வெட்டி, புதியதை முனைக்கு முனை பொருத்தி மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பியால் ஒட்டினேன். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் ஒரேயடியாகக் கோடு இழுத்தால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி, கையால் தொட முடிகிற அளவு ஆறவிட்டு நடுவில் இன்னொன்று. ஒரு மாலை முழுக்க வேலை செய்தால் இரண்டு சாண் முடியும். அப்புறம் கிரைண்டரில் தேய்த்து, பிரைமர் அடித்து, மூட்டுகளிலெல்லாம் இடுக்கை அடைக்கிற சீலர் பூசினேன். எங்கே இணைப்பு என்று விரலுக்கே தெரியவில்லை. கோணங்களை வெட்டி எடுத்துவிட்டுக் கதவை இழுத்தபோது, ஒரே இழுப்பில் போய் க்ளிக் என்று மூடியது. அந்தச் சத்தத்துக்காகவே நாலைந்து தடவை திறந்து மூடினேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. வண்டி வெளியில் நின்றது. மழை விட்ட ஒரு நாள், எஞ்சினைக் கிளப்பிக் கொஞ்சம் நகர்த்திவைக்கலாம் என்று எடுத்தபோதுதான் அந்தச் சளக்.

ஈரம் வரும் வழி

துருவைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும், இரும்பு, தண்ணீர், காற்று. ஆனால் தெரிந்திருப்பது வேறு, அது ஒரு வண்டிக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது வேறு. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு அடியில் இருப்பதைக் காக்கும். இரும்பின் துரு அப்படியில்லை, பொருபொருவென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியில் இருப்பதையும் தின்னும். அது பிடிக்கிற இடமும் இரும்பைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு பிடித்தால் அவற்றைப் பிளந்துகொண்டே போகும். மழைகூட வேண்டாம், காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருப்பிடிக்கும் வேகம் கூடிவிடும். உப்போ தூசியோ படிந்திருந்தால் அதற்கும் முன்பே.

கேம்பர் வேன் இன்னும் ஒரு படி மேல். அதற்குள் ஆட்கள் தூங்குகிறார்கள், சமைக்கிறார்கள். இரண்டு பேர் ஓர் இரவு தூங்கி எழுந்தால் மூச்சிலும் வியர்வையிலுமாக அரை லிட்டர் அளவுக்கு ஈரம் வெளியே வருகிறது. அது கண்ணாடியில் படிந்தால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடுவோம். பலகைக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த தகட்டில் படிந்தால் யாருக்கும் தெரியாது. அங்கே பஞ்சோ ஃபோமோ வைத்து அடைத்திருந்தால் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், காயவே காயாது. என் வண்டியில் பலகைகளைக் கழற்றியபோது, மழை பட்டிருக்கவே முடியாத இடங்களில்தான் மோசமான துரு இருந்தது. பெட்டிக் கட்டிலுக்குப் பின்னால், அடுப்பு இருந்த இடத்துக்குப் பின்னால். வெளியே வெயிலும் மழையும் வாங்கிய கூரை இவற்றைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது.

சரி, சில்லுக்குள் தண்ணீர் எப்படிப் போனது? ஜன்னல் ரப்பர் ஐம்பது வருடப் பழசு, அதன் வழியாகச் சுவரின் இரண்டு தகடுகளுக்கு நடுவே இறங்கியிருக்கிறது. கதவு ஓடும் கீழ்த்தடம் இருக்கிறது, அங்கே விழுவதும் எங்கேயாவது போக வேண்டும். எல்லா வழியும் கடைசியில் சில்லில்தான் முடிகிறது. ரப்பரை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். கழற்றிப்போட்ட பழைய சில் துண்டுகள் இன்னும் மூலையில் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துருவைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். அடி விளிம்பில் அழகாக வெட்டிய சின்னத் துளைகள், சேறும் தாரும் பூந்து கல் மாதிரி இறுகி அடைத்திருந்தன. தொழிற்சாலையிலேயே வைத்த வடிகால் துளைகள். அவை அடைத்துக்கொண்டதால்தான் அந்தச் சில்லே மக்கிப்போயிருக்கிறது. நான் வாங்கிய புதுத் தகட்டிலும் அவை இருந்தனவா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தன. கீழ் விளிம்பில் சீலர் பூசும்போது, மிச்சம் வைக்கக் கூடாது என்று, ஒன்று விடாமல் நானே அடைத்திருக்கிறேன்.

இது எனக்கு உறைக்க நேரமானது. தண்ணீரை உள்ளே விடவே கூடாது என்பதுதான் நான்கு மாதமும் என் எண்ணம். ஒவ்வொரு மூட்டையும் அந்த எண்ணத்தோடுதான் மூடினேன். வண்டியை உருவாக்கியவர்கள் அப்படி நினைக்கவில்லை. தண்ணீர் வரத்தான் செய்யும், ரப்பர் ஒரு நாள் வெடிக்கத்தான் செய்யும், வந்தது போக வழி வைப்போம் என்று நினைத்திருக்கிறார்கள். கதவு, சுவர், சில் எல்லாவற்றிலும் தாழ்வான இடத்தில் துளை இருக்கிறது.

அன்று மாலையே ஆறு மில்லிமீட்டர் டிரில்லால் சில்லின் அடியில் ஒரு துளை போட்டேன். தேநீர் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து கை வழியாக முழங்கை வரைக்கும் ஓடியது. ஒரு லிட்டர் டப்பாவை வைத்துப் பிடித்தேன், நிறைந்து வழிந்தது. நிறம்தான் வயிற்றைக் கலக்கியது. தண்ணீர் அந்த நிறத்துக்கு வந்திருக்கிறது என்றால் உள்ளே ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. வெல்டிங் சூட்டில் தகட்டின் பின்பக்கப் பிரைமர் கருகி உதிர்ந்துவிடும், அங்கே வெறும் இரும்புதான் நிற்கும். மூடிய பெட்டிக்குள் துருப்பிடிக்காமலிருக்கப் பிறகு மெழுகு அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வண்டி முழுவதும் முடிந்த பிறகு மொத்தமாகச் செய்யலாம் என்று தள்ளிவைத்திருந்தேன்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். துளை போட்டாயிற்று, இனி வடிந்துவிடும், மேலேயிருந்து மெழுகைப் பீய்ச்சிவிட்டால் போதும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு குரல். அது தப்பான யோசனையும் இல்லை, பலர் அப்படித்தான் செய்வார்கள், பல வருடம் தாங்கவும் செய்யும். ஆனால் ஈரமான துருவின் மேல் மெழுகு அடித்தால் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். மூன்றாவது நாள் காலையில் கட்டிங் வீலை மாட்டி, வெளிச் சில்லில் ஒரு கை நுழைகிற அளவுக்கு இரண்டு இடத்தில் வெட்டித் திறந்தேன். கிரைண்டர் அந்தப் பிரைமரைத் தொட்டபோது மனசு வலித்தது, அதை மறைப்பதற்கில்லை. உள்ளே என் வெல்டிங் கோடு நெடுக, வேறெங்கும் இல்லாமல் அந்தக் கோட்டில் மட்டும், ஆரஞ்சு நிறத்தில் துரு கோலம் போட்ட மாதிரி ஓடியிருந்தது.

ஓட்டுநர் பக்கம்

திறந்த சில்லைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் தடவிக் காய வைத்திருந்த நாட்களில்தான் ஓட்டுநர் பக்கத்து ரிவெட்டுகளைத் துளைத்து எடுக்க ஆரம்பித்தேன். சும்மா இருக்க முடியாமல் செய்த வேலை. முப்பத்திரண்டு ரிவெட்டுகள். எல்லாம் ஒரே இடைவெளியில், கிட்டத்தட்ட இரண்டு விரல் அகலம். அளந்து குறித்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. தகட்டை நெம்பினேன், லேசில் வரவில்லை. இரண்டு தகடுகளுக்கும் நடுவே தார்ப்பட்டை ஒன்றை வெட்டி, கேஸ்கெட் மாதிரி சுற்றிலும் வைத்திருந்தார். வெளியே நான் பார்த்த தார், மறைப்பதற்காகப் பூசியது இல்லை, அந்தப் பட்டையின் விளிம்பில் தண்ணீர் நுழையாமலிருக்கப் பூசியது. தகடு கையோடு வந்ததும் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கக் கருப்பு எண்ணெய்ப் படலம், தூசி படிந்து தோல் மாதிரி ஆகியிருந்தது. துணியால் துடைத்தேன். அடியில் பெயிண்ட், அதன் அடியில் பளபளவென்று இரும்பு.

அப்புறம் அதன் கீழ் விளிம்பைப் பார்த்தேன். மிகத் தாழ்வான இடத்தில் நீளவாக்கில் இரண்டு துளைகள். ஓரங்களை அரத்தால் வழவழப்பாக்கியிருந்தார். துளையின் முன் விளிம்பை மட்டும் லேசாக வெளியே தட்டி, சின்ன உதடு மாதிரி விட்டிருந்தார். சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் ஓட்டத்தில் உள்ளே போகாது, உள்ளே இருப்பது வெளியே வடியும். நான் அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் வெல்டிங் இயந்திரம் இருந்திருக்காது, அல்லது அன்றைக்கு வடிவான தகடு கிடைத்திருக்காது, என்னவென்று தெரியாது. கையில் இருந்ததை வைத்து, தண்ணீரைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார். அவர் ஒட்டிய தகட்டுக்குப் பின்னால் இருந்த நடுத்தகடு நன்றாகவே இருந்தது. அவர் தொடாத ஸ்லைடிங் கதவுப் பக்கம்தான் முழுக்க மக்கிப்போயிருந்தது. அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இந்த வண்டி என்னிடம் வந்தே இருக்காது, எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

ரிவெட் தகட்டை அப்படியே விட்டுவைக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரிவெட்டுகள் அலுமினியம்; இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் முதலில் கரைவது அலுமினியம்தான். பாதி ரிவெட்டுகளின் தலை வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஜாக்கியை வைத்துத் தூக்கும் இடத்துக்கு அருகில் அதை நம்ப முடியாது. அதனால் எடுக்க வேண்டியதுதான், வெல்டிங்தான் செய்ய வேண்டும். ஆனால் எடுக்க வேண்டிய வேலை எல்லாம் ஏமாற்று வேலை இல்லை என்பதை நான் அதுவரை யோசிக்கவில்லை. பழைய வண்டிக்காரர்களிடம் இந்த மாதிரி ஒட்டுவேலையைக் கண்டாலே ஒரு ஏளனம் இருக்கிறது, என்னிடமும் இருந்தது. சக்கர வளைவில் ஃபோமை அடைத்துப் பட்டி பார்த்தவர் வேறு ஆள், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை, அந்த வேலையை இப்போதும் மன்னிக்க மாட்டேன். அது வாங்குகிறவரின் கண்ணுக்காகச் செய்தது, பின்பக்கத்தில் எதுவுமே செய்திருக்கவில்லை. பழைய ஒட்டுவேலையைப் பார்த்தால் நான் இப்போது முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை, கண்ணாடியையோ கேமராவையோ உள்ளே விட்டுப் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். அங்கே ஏதாவது பூசியிருக்கிறதா, தண்ணீருக்கு வழி இருக்கிறதா.

ரிவெட் வரிசையை நான் கூட்டிப்போய்க் காட்டிய ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருக்கும். முடிந்தவரை எல்லாரிடமும், அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். பலருக்கு எதைச் சொல்கிறேன் என்றே ஞாபகமில்லை. வெல்டிங் சொல்லிக்கொடுத்தவரிடம் அந்தத் தகட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதலில் செய்தது அதைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்ததுதான். துளையின் உதட்டைக் கட்டைவிரலால் தடவினார். "இதையே அச்சா வெச்சு அந்தப் பக்கமும் போடு" என்றார்.

அப்படியே செய்தேன். ஓட்டுநர் பக்கத்துக்குப் புதுத் தகடு வந்ததும் பழைய தகட்டை அதன் மேல் வைத்துக் கோடு போட்டு, அதே இடத்தில் அதே நீளத்துக்குத் துளை வெட்டினேன். தகட்டுத் துண்டு ஒன்றில் நான்கைந்து முறை தட்டிப் பழகிய பிறகுதான் உதடு சரியாக வந்தது. ஸ்லைடிங் கதவுப் பக்கத்தில் வெட்டித் திறந்த இரண்டு வாயையும் மூடி வெல்டிங் செய்து, அங்கேயும் இதே துளைகள். ஆறிய பிறகு, நீள மூக்கு வைத்த துப்பாக்கியால் இரண்டு பக்கமும் பெட்டிக்குள் மெழுகு அடித்தேன், கீழே துளை வழியாக அது சொட்டும்வரை. மெழுகு இறுகித் துளையை அடைத்துவிடும், அதனால் மறுநாள் ஒரு கம்பியை விட்டு ஒவ்வொன்றையும் திறந்துவிட்டேன். வண்டியின் மற்ற வேலைகள், எஞ்சின், ஒயரிங், ஐம்பது வருடப் பழைய பெட்ரோல் ஹோஸ்களை மாற்றியது எல்லாம் தனியாக எழுத வேண்டியவை. ஹோஸை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள், வண்டியை ஓட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். இந்த எஞ்சினின் உறையில் மெக்னீசியம் இருக்கிறது, ஒரு முறை தீப்பிடித்தால் அணைப்பது ரொம்பக் கடினம்.

போன வாரம் ராத்திரி நல்ல மழை. ஜன்னல் ரப்பர்களை இன்னும் மாற்றவில்லை, வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருந்தேன். காலையில் மழை விட்டதும் தரையில் பழைய அட்டையை விரித்து, டார்ச்சோடு கீழே போய்ப் படுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுநர் பக்கத்து உதட்டில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. தெளிந்த தண்ணீர், நிறமில்லை. மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். அங்கேயும் சொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் கொஞ்சம் மெதுவாக. பின்பக்கத் துளையில் மெழுகு மறுபடி இறங்கியிருக்கும் போல. கம்பியை எடுத்துவர எழுந்தேன்.